மலைக்கும் கடலுக்கும் ஒரே காது

முப்பது வருடம் தலைசுற்றல் மாத்திரை விற்ற மனிதருக்கே தலை சுற்றத் தொடங்கினால் அதைக் கடவுளின் நகைச்சுவை என்று சொல்லலாம், வாங்கிச் சாப்பிட்டவர்களின் சாபம் என்றும் சொல்லலாம். சென்னியப்பன் இரண்டையும் சொல்லிப் பார்த்தார். சுற்றல் நிற்கவில்லை.

மேட்டுப்பாளையத்தில் மெடிக்கல் ரெப்பாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். தோல் பையும் டையுமாகப் பைக்கில் அவர் ஏறாத மலை இல்லை, காத்துக் கிடக்காத டாக்டர் இல்லை. ஓய்வுக்குப் பிறகு பை போனது, டை போனது, பைக் மட்டும் போகவில்லை. பெட்ரோல் பங்க்குகள் எல்லாம் கல்யாண மண்டபங்களாக மாறிய காலத்தில், பழைய புல்லட்டின் வயிற்றைக் கிழித்து பேட்டரி வைத்துத் தைத்துக்கொண்டார். சத்தமில்லாத புல்லட் மீசையில்லாத ஐயனார் மாதிரி இருந்ததால், 'டுப் டுப்' என்று ஒலிக்க ஒரு ஸ்பீக்கரும் மாட்டினார். அது சில சமயம் வழிதவறிப்போய் யார் வீட்டுச் செய்தியையோ வாசிக்கும். அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. தினமும் காலையில் கோத்தகிரி ரோட்டில் ஏறி, மேலே ஒரு டீ குடித்துவிட்டு இறங்குவார். அந்த டீ அப்படியொன்றும் பிரமாதமில்லை.

அறுபத்தாறாவது வயதில் ஒருநாள், கொண்டை ஊசி வளைவொன்றில் பைக் சாய்ந்தது, அவர் சாய்ந்தார், மலையும் சாய்ந்தது. முதல் இரண்டும் சாய்வதுதான் முறை. மலை சாய்ந்திருக்கக் கூடாது. அவரை ரோட்டோரத்து உண்ணி முட்புதரிலிருந்து எடுத்தவர்கள், "பெரியவரே, சரக்கா?" என்று கேட்டார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவருக்கு அதுதான் முட்களைவிட வலித்தது.

அதன் பிறகு வீடே மலையாகிவிட்டது. கட்டிலிலிருந்து குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். குனிந்தால் தரை எழுந்து வரும். திரும்பிப் படுத்தால் மின்விசிறி நின்றுவிட்டு அறை சுற்றும். டாக்டர்கள் அவர் விற்ற மாத்திரையையே எழுதிக் கொடுத்து, "நல்ல மருந்துங்க" என்றார்கள். அது அவரே அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வசனம்.

கடைசியில், கோவையில் 'நிமிர்' என்றொரு நிறுவனம் காதுக்குப் பின்னால் ஏதோ கருவி பொருத்துகிறது என்று கேள்விப்பட்டு, மனைவி மயிலாத்தாளின் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே போனார். டாக்டர் ஃபர்ஹானா என்ற இளம்பெண் பரிசோதித்துவிட்டுச் சொன்னாள்:

"இடது காது நல்லா இருக்கு சார். வலது காதுலதான் சமநிலை நரம்பு செத்துப்போச்சு."

"செத்த எடத்துல ஒரு மிஷினை வெச்சுட்டாத் தீந்துதுங்களே?"

"வெச்சுப் பார்த்தாச்சு. மூளை அதை நம்ப மாட்டேங்குது. உயிருள்ள நரம்பு சும்மா இருக்கறப்பவும் ஒரு முணுமுணுப்பு முணுமுணுத்துட்டே இருக்கும். அதைக் கேட்டாத்தான் மூளைக்குத் தைரியம். மிஷினுக்கு அந்த முணுமுணுப்பு வரலை. அதனால, இடது காது போயி வலது காது நல்லா இருக்கற ஒருத்தரைத் தேடி, அவரோட முணுமுணுப்பை உங்களுக்கு அனுப்புவோம். உங்களோடது அவருக்குப் போகும். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடிக் காது."

"குருடன் தோள்ல நொண்டி ஏறுன கணக்கா?"

"கிட்டத்தட்ட." டாக்டர் சிரித்தாள். "ஒரு சங்கடம் இருக்கு. கொஞ்சம் கசியும். அவர் தலையைத் திருப்பினா உங்களுக்கு ஒரு சிட்டிகை தெரியும். உங்க அசைவு அவருக்கும் அப்படித்தான். அதனால ஊஞ்சல், ராட்டினம், பைக், எதுவும் கூடாது. நீங்க பைக் ஓட்டறவரா?"

"நானா? இந்த வயசுலயா?" என்றார் சென்னியப்பன். பக்கத்தில் மயிலாத்தாளுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"அந்தப் பக்கம் இருக்கறது யாருங்க?"

"அதைச் சொல்லக் கூடாது சார். விதி."

கருவியைப் பொருத்திய அன்று அவர் சுவரைத் தொடாமல் ஆஸ்பத்திரி வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. காற்றில் தூசி என்றார். உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் நல்ல பிள்ளையாக இருந்தார். பிறகு பைக்குக்குச் சும்மா சார்ஜ் போட்டார். பிறகு சும்மா துடைத்தார். பிறகு சும்மா ஏறி உட்கார்ந்தார். நான்காவது சும்மாவில் அவர் கோத்தகிரி ரோட்டில் இருந்தார்.

"அக்கட்டால ஒரு சீவன் இருக்குதல்லங்க?" என்றாள் மயிலாத்தாள். "நீங்க இங்க சாஞ்சா அதுக்கு அங்க தலை கிறுகிறுக்காதா?"

"கொஞ்சமாத்தான் சாய்க்கறேன் அம்மிணி."

"கொஞ்சமா சாய்க்கறதுக்கு எதுக்கு மலை? நம்ம வாசல்லயே சாய்க்கலாமல்லோ."

இந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் வளைவுகளில் திரும்பினார். வேகத்தைக் குறைத்தார். சாய்வைக் குறைத்தார். அப்படியும் ஒருநாள் பழிவாங்கல் வந்தே சேர்ந்தது.

நாற்காலியில் அமர்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாரோ நாற்காலியை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கியது போல இருந்தது. மறுபடி தூக்கினார்கள், இறக்கினார்கள். கொஞ்ச நேரம் இதமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரே சரிவாகத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். சாப்பிட்ட மூன்று தோசையும் வந்த வழியே திரும்பின. மயிலாத்தாள் மாவைச் சந்தேகப்பட்டாள். ஆனால் அடுத்த வாரமும் அதே தூக்கல், அதே இறக்கல், அதே தலைகீழ். தோசை மாறியிருந்தது.

அந்த வாரமே டாக்டர் ஃபர்ஹானா கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இல்லை. "சார், உங்க ஜோடியில கசிவு அளவு மீறிப்போச்சு. பிரிச்சாகணும். ஒருத்தரைப் பிரிச்சா அந்த நொடியே இன்னொருத்தர் எங்கே நின்னாலும் விழுவார். அதனால ரெண்டு பேரையும் இங்கே வரச் சொல்லியிருக்கேன். புதன்கிழமை."

சென்னியப்பன், தூக்குத் தண்டனைக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறவர் மாதிரி போனார். காத்திருக்கும் அறையில் ஒரே ஒரு பெண்மணி இருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, வெயிலில் கறுத்து உப்பில் வெளுத்த முடி, விரல் நுனிகளில் எல்லாம் துணிக்கிழிசல் சுற்றிய கட்டு. அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கத் தலையைத் திருப்பினார். சென்னியப்பனுக்கு அறை லேசாகத் திரும்பியது.

சென்னியப்பன் சோதனைக்காகத் தன் தலையை மேலும் கீழும் ஆட்டினார். அந்த அம்மாள் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதானா அந்த உருளுற ஆளு?"

"நீங்கதானுங்களா..." அவருக்கு அதுவரை புரியாதது அந்த நொடியில் புரிந்தது. தூக்கி, இறக்கி, தூக்கி, இறக்கி. "அட சாமி, கடலா?"

"ஆமாண்ணே. பாம்பனுக்குத் தெக்கிட்டு. பாசி எடுக்குறேன். முங்கி, பாறையில கெடக்குற பாசியப் பிச்சுக்கிட்டு மேல வருவேன். முப்பத்தஞ்சு வருசமா காதுல தண்ணி அமுக்கி ஒரு காது செத்துப்போச்சு. கடலுக்குப் போறியாண்டு இவுக கேட்டாக. போகலண்டு சொல்லிப்புட்டேன்."

"நானும் பைக் ஓட்டறதில்லைன்னு சொல்லிப்போட்டனுங்க."

"பைக்கா! வண்டிதானா அது? நான் என்னமோ அந்தப் பக்கம் ஆரோ மாடிப்படியில உருண்டுக்கிட்டே இருக்காகண்டுல்ல நெனச்சேன். செபமாலையெல்லாம் சொன்னேனே, பாவம் அந்தச் சீவன் பொழைச்சுக்கிறட்டுமுண்டு."

மரியபுஷ்பம் என்பது அவர் பெயர். இருவரும், தன்னால்தான் மற்றவர் அவதிப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரே வீட்டில் எதிரெதிர்ச் சுவரேறிக் குதித்து, நடுக்கூடத்தில் முட்டிக்கொண்ட இரண்டு திருடர்கள் போலச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒருவர் சிரிப்பில் மற்றவர் குலுங்கினார்.

டாக்டர் ஃபர்ஹானா உள்ளே வந்தபோது சிரிப்பு அடங்கியது. அவள் இரண்டு சாய்வு நாற்காலிகளைக் காட்டினாள். நடுவில் மேசைமேல் டார்ச் லைட் போல ஒரு கருவி.

"உட்காருங்க. வலிக்காது. கீழே விழாம பிடிச்சுக்க ஆள் இருக்கு."

"மறுபடி வேற சோடி கெடைக்கிமுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"காத்திருக்கறவங்க நிறைய பேர் சார். உங்க வயசுக்கு... உறுதியாச் சொல்ல முடியாது."

"அதுவரைக்கும்?"

டாக்டர் தரையைப் பார்த்தாள். "படுத்திருக்கலாம். இல்லைன்னா ஒரே வழி. நீங்க பைக்கைக் கொடுத்திடணும். அம்மா கடலை விட்டிடணும். அப்படின்னா பிரிக்க வேண்டியதில்லை. ரெண்டு பேரும் நல்லா நடக்கலாம், உட்காரலாம், டி.வி. பார்க்கலாம்."

"விழக்கூடாதுண்டு சுருண்டே கெடக்குறதுக்கு நான் என்ன பாயா, ஆத்தா?" என்றார் மரியபுஷ்பம்.

"அம்மா, புரிஞ்சுக்குங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆடினீங்கன்னா ரெண்டு பேருக்குமே மேல் எது கீழ் எதுன்னு தெரியாது. அவர் பள்ளத்துல இருப்பார். நீங்க தண்ணிக்கடியில இருப்பீங்க."

சென்னியப்பனுக்கு அந்த 'ஒரே நேரத்துல' என்ற சொல் மட்டும் காதில் தங்கியது. சொந்தக் காதில்.

"ஒரே நேரத்துல ஆடினாத்தானுங்களே? எங்கூர்ல ஒரு கெணத்துக்கு நாலு பங்காளி இருப்பாங்க. நாலு பேரும் ஒரே நாள்ல தண்ணி எறைச்சா கெணறு தாங்காது. அதுக்காக யாரும் கெணத்தை மூட மாட்டாங்க. முறை வெச்சுக்குவாங்க. இன்னிக்கு ஒன்ற முறை, நாளைக்கு என்ற முறை. அடுத்தவன் முறையில ஒரு சால் தண்ணி எறைச்சாலும் அவனைப் பந்தியில உக்கார வெக்க மாட்டாங்க."

"சார், இது நரம்பு. கிணறு இல்லை."

"வத்துதல்லங்க? அப்பக் கெணறுதான்."

டாக்டர் விதியைச் சொன்னாள், நிறுவனத்தைச் சொன்னாள், கடைசியில் கெஞ்சினாள். இரண்டு பேரும் சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. நிற்பவர்களைப் பிரித்தால் விழுவார்கள் என்பதால் டாக்டரால் பிரிக்க முடியவில்லை. வாசலில் மயிலாத்தாளையும் சேர்த்துக்கொண்டு, எதிரே இருந்த பேக்கரிக்குப் போனார்கள். மூன்று டீயும் தேங்காய் பன்னும் சாட்சியாக உடன்படிக்கை ஏற்பட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள். கடல் நாளில் சென்னியப்பன் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். மலை நாளில் மரியபுஷ்பம் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அமாவாசை யாருக்கும் கிடையாது.

"அமாவாசைக்கு எங்கூர்ல மாடு பூட்ட மாட்டாங்க. மாட்டுக்கும் ஒரு ரெஸ்ட்டு வேணுமல்லங்க," என்றார் சென்னியப்பன், சட்டமியற்றிய களிப்பில்.

மரியபுஷ்பம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பன்னைக் கடித்துக்கொண்டு, "சரிண்ணே," என்றார். அந்தச் சரியைக் கொஞ்சம் கிளறிப் பார்த்திருக்க வேண்டும். சென்னியப்பன் கிளறவில்லை. முப்பது வருடம் டாக்டர்கள் 'சரி எழுதறேன்' என்று சொன்னதை நம்பி வளர்ந்த மனம் அது.

முறை நன்றாகத்தான் ஓடியது. மலை நாளில் அவர் பயமில்லாமல் சாய்ந்தார். கடல் நாளில் தோசையை மதியத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்து, எழும்பித் தாழ்ந்தார். கொஞ்ச நாளில் அதற்கும் பழகிவிட்டது. மயிலாத்தாள் கூப்பிட்டால், "இரு அம்மிணி, அலை பெருசா வருது" என்பார்.

அமாவாசையும் வந்தது.

யாருக்கும் இல்லாத நாள். வானம் கழுவி விட்டது போல இருந்தது. மயிலாத்தாள் கோயிலுக்குப் போயிருந்தாள். சென்னியப்பன் யோசித்தார். அந்த அம்மாள் கரையில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு சிட்டிகை கசிந்தால் என்ன? மலைக்குப் போனால்தானே தப்பு? சமதரையில், சாயாமல், காரமடை வரைக்கும், பாலாடைக்கட்டி மாதிரி மெதுவாக. பாலாடைக்கட்டி எப்படிப் போகும் என்று அவர் யோசிக்கவில்லை. மனிதன் திருடக் கிளம்பும்போது உவமைகள் சரியாக அமைவதில்லை.

ரோட்டில் ஏறியதுமே அடிவயிற்றில் ஓர் எழும்பல். பசி என்று நினைத்தார். பெட்டிக்கடையைத் தாண்டும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. வலப்புறம் ஒடித்தார், இடப்புறம் நிமிர்த்தினார். நாய் பிழைத்தது. புல்லட் புளியமரத்தடியில் படுத்தது. ஸ்பீக்கர் மட்டும் 'டுப் டுப்' என்று வீரமாக ஓடிக்கொண்டிருந்தது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து நின்றார்.

அப்போதுதான் அது வந்தது.

உலகம் வலப்பக்கமாக உருண்டது. நின்றது. இடப்பக்கமாக உருண்டது. தலைகீழாயிற்று. முன்பு வந்த தலைகீழ் நிதானமானது, வேலை தெரிந்தவள் குனிவது போல இருக்கும். இது அப்படியில்லை. இது தேடுகிற அசைவு. இருட்டில் கதவு எங்கே என்று சுவர் சுவராகத் தடவுகிற அசைவு. அந்தக் கதவு எது என்று சென்னியப்பனுக்குத் தெரியும். உண்ணிப்புதரில் கிடந்தபோது அவரும் அதைத்தான் தேடினார். அன்று அவருக்கு மூச்சு இருந்தது.

மரியபுஷ்பம் தண்ணீருக்கடியில் இருந்தார். சென்னியப்பன் வண்டியை ஒடித்த ஒடிப்பில், மேல் எது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார்.

போன் செய்ய முடியாது. கத்தினால் கேட்காது. அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று, ஒரு நல்ல இடது காது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நின்றால் ஆடுகிறது. உட்கார்ந்தால் ஆடுகிறது. சென்னியப்பன் அப்படியே ரோட்டில் மல்லாந்து படுத்தார். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டார். மூக்கை நேராக வானத்துக்குக் குறிவைத்தார். மூச்சைக்கூடச் சின்னதாக விட்டார். 'இதுதான் மேல்' என்று உடம்பு முழுவதையும் கொண்டு சொன்னார். 'இதுதான் மேல், இதுதான் மேல், தாயி, இதுதான்.'

காரமடை ரோட்டில் காலை வேளையில் ஒருவர் பிணம் போலப் படுத்தால் சும்மா விடுவார்களா? முதலில் பெட்டிக்கடைக்காரர் ஓடிவந்தார். பிறகு ஒரு லாரி நின்றது, அதன் பின்னால் பஸ் நின்றது.

"பெரியவருக்கு நெஞ்சுவலி போல. தூக்குங்கப்பா!"

"தொடாதீங்க!" என்றார் சென்னியப்பன், உதட்டைக்கூட அசைக்காமல்.

"உசுரு இருக்குதுடோய்!"

"இருக்குது. தொட்டீங்கன்னா போயிரும். என்ற உசுரில்லை, வேற ஒருத்தரோடது."

"மண்டையில அடிபட்டிருக்குது. காலைப் புடிங்க..."

"காலைத் தொட்டவன் வமுசம் வெளங்காது!" என்று பல்லிடுக்கில் சாபமிட்டார். அறுபத்தேழு வயதில் முதல் சாபம். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. ஹாரன்கள் அலறின. உச்சி வகிட்டில் வெயில் விழுந்தது, முழங்கையில் ரத்தம் ஊர்ந்தது, கட்டெறும்பு ஒன்று கழுத்தில் ஏறி ஊரைச் சுற்றிப் பார்த்தது. அவர் அசையவில்லை. உள்ளே உலகம் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு உருளலிலும் ஒரு தயக்கம் வந்தது, யாரோ கூப்பிட்டதைக் கேட்டு நின்று பார்ப்பது போல. பிறகு உருளல் மெல்லத் திரும்பியது. திரும்பி, அவர் படுத்திருந்த திசைக்கே வந்து, அவரோடு சேர்ந்து படுத்தது.

அப்புறம் தூக்கல். இறக்கல். தூக்கல். இறக்கல்.

சென்னியப்பன் நடுரோட்டில் படுத்தபடியே ஓவென்று அழுதார். "சொன்னனல்லோ, மண்டையிலதான் அடி," என்றது கூட்டம்.

அன்று மதியம் போன் வந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"தாயி, நான் பெரிய பாவம் பண்ணிப்போட்டேன். இன்னிக்கு முறையைத் திருடிட்டேன். வண்டியெடுத்தேன்."

மறுமுனையில் கடற்காற்று இரைந்தது. "நீங்க திருடுனீக சரி. இன்னிக்கு நான் எதுக்குண்ணே தண்ணிக்குள்ள கெடந்தேன்? அதக் கேக்கலையே?"

அவருக்கு அது உறைக்கவே இல்லை. "ஆமா, இன்னிக்கு அமாவாசை. உங்களுக்கும் கெடையாதல்லங்க?"

"அமாவாசைக்குத்தாண்ணே கடல் நல்லா வத்தும். பாறையெல்லாம் தலையத் தூக்கும். மாசத்துல எங்களுக்கு அதுதான் தீவாளி. நீங்க மாட்டுக்கு ரெஸ்ட்டுண்டீக. கடலுல ஏது மாடு? எதுத்துப் பேசினா அந்த டாக்டரு புள்ளை பிரிச்சுப்புடுமோண்டு பேசாம பன்னத் தின்னுட்டேன்."

"எப்படித் தாயி மேல வந்தீங்க?"

"சுத்திக்கிட்டே கெடந்தேன். கண்ணுக்கு முன்னால ஒரே கலங்கல். சரி, பரலோகந்தாண்டு நெனச்சேன். அப்பத் திடீருண்டு மல்லாக்கப் படுத்த மாதிரி ஒரு நெனப்பு. நான் படுக்கல, ஆரோ படுத்திருக்காக. சரி, அதுக்குத் தோதா ஒடம்ப விடுவோமுண்டு கையக் கால விட்டேன். மூக்கு மொதல்ல வெளிய வந்துச்சு. ஏண்ணே, இவ்வளவு நல்லாப் படுக்கத் தெரிஞ்ச ஆளு, கடல் நாளுல எதுக்கு நாற்காலியில உக்காந்து ஆடிக்கிட்டு கெடக்குறீக?"

அந்தக் கேள்வியோடு பழைய முறை முடிந்து புதிய முறை தொடங்கியது. கடல் நாள் இனி ஓய்வு நாள் இல்லை, வேலை நாள். அந்த அம்மாள் முங்கும் நேரமெல்லாம் சென்னியப்பன் மொட்டை மாடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு, பலகை போல மல்லாந்து படுத்து, மேல் எது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை நம்பி மரியபுஷ்பம், முன்பு போகாத ஆழத்துப் பாறைகளுக்குப் போனார். மலை நாளில் அந்த அம்மாள் கரையில் கல் போல அமர்ந்து, நிமிர்ந்திருப்பது என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை நம்பி சென்னியப்பன், இருபது வயதில் சாய்ந்ததைவிட ஒரு விரல் அதிகமாகச் சாய்ந்தார். கால் வைக்கும் கட்டை ரோட்டில் உரசி ஒருநாள் பொறி பறந்தது. மேலே போய்க் குடித்த டீ அன்றும் சுமார்தான்.

நிமிர் நிறுவனத்துக்கு இதெல்லாம் வரைபடங்களாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு காலையில் டாக்டர் ஃபர்ஹானா வீட்டு வாசலில் நின்றாள். கையில் அந்த டார்ச் லைட்.

"சார் எங்கேம்மா?"

"அவரு கடல்ல இருக்கறாருங்க," என்றாள் மயிலாத்தாள். "மாடிக்கு வாங்கொ. சத்தம் மட்டும் போடாதீங்கொ."

கயிற்றுக்கட்டிலில் சென்னியப்பன் கிடந்த கிடையைப் பார்த்து டாக்டர் ஒரு கணம் பதறிப்போனாள். அவர் கண்ணை மட்டும் உருட்டி, "வாங்க டாக்டர்," என்றார். "உக்காருங்க. எந்திரிக்க முடியாது, தப்பா நெனச்சுக்காதீங்க."

"மேலிடத்து உத்தரவு சார். இன்னிக்கே பிரிக்கச் சொல்லிட்டாங்க. நீங்க சம்மதிக்க வேண்டியதுகூட இல்லை. காதுகிட்டக் காட்டினாப் போதும்."

"காட்டுங்க. ஆனா அந்தம்மா இப்பத் தண்ணிக்கடியில. நீங்க பட்டனை அமுக்கற நேரத்துக்கு என்ன ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க."

டாக்டரின் கை தானாகக் கீழே இறங்கியது. "சரி, மேலே வரட்டும். எப்ப வருவாங்க?"

"வருவாங்க, மறுபடி முங்குவாங்க. வெயில் ஏர்ற வரைக்கும்."

"நான் காத்திருக்கேன். கரைக்கு வந்ததும்..."

"கரைக்கு வந்து வள்ளத்தைக் கட்டுனதும் போன் பண்ணுவாங்க. அதோட கடல் நாள் முடிஞ்சுதுங்க, அந்த நிமிசத்துல இருந்து என்ற முறை. நான் வண்டியில ஏறிருவேன். கொண்டை ஊசி வளைவுல என்னைப் பிரிக்கறீங்களா, பாத்துப் பிரியுங்க. நான் எறங்குனா அவங்க முங்குவாங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். மாடிச் சுவருக்கு அப்பால் மலை நின்றது.

"அப்போ உங்களை எப்பத்தான் சார் பிரிக்கிறது?"

"எங்களுக்கும் ரோசனைதானுங்க. நாள் ஒண்ணும் தோதா அமைய மாட்டேங்குது."

மயிலாத்தாள் காபி கொண்டுவந்தாள். டாக்டர் ஃபர்ஹானா கட்டிலின் கால்மாட்டில் அமர்ந்து, டார்ச் லைட்டைக் கைப்பைக்குள் போட்டு, மெல்லச் சத்தம் வராமல் ஜிப்பை இழுத்தாள். ஒரு வாய் காபி குடித்தாள்.

"வீடு பூட்டியிருந்துச்சுன்னு சொல்லிடறேன்," என்றாள். "அடுத்த வாரமும் வருவேன். பூட்டித்தான் இருக்கும், இல்லையாம்மா?"

"திண்டுக்கல் பூட்டுங்க," என்றாள் மயிலாத்தாள்.

சென்னியப்பனுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி நெஞ்சுக்கு வந்தது. சிரிக்கக் கூடாது. தெற்கே எங்கோ, கலங்கிய தண்ணீருக்குள், துணி சுற்றிய விரல்கள் பாறை இடுக்கில் ஒரு கொத்துப் பாசியை எட்டிக்கொண்டிருந்தன. அவர் பல்லைக் கடித்து, மூக்கை நேராக வானத்துக்கு நிறுத்தி, சிரிப்பை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார். கண்ணோரம் மட்டும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.